சந்தேகம் குத்திய முத்திரை

1945, ஆகஸ்ட் 9. காலை நேரம். ஜப்பானின் க்யூஷு தீவில் இருக்கும் கோகுரா என்ற ஊருக்கு மேலே ஓர் அமெரிக்க பி-29 விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள் ஒரே ஒரு குண்டு. மூன்று நாள் முன்னால் ஹிரோஷிமாவில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இது இரண்டாவது அணுகுண்டு.

கோகுராவில் ராணுவத்தின் மிகப் பெரிய ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. அதனால்தான் அன்றைய முதல் இலக்காக அந்த ஊர் பெயர் எழுதப்பட்டிருந்தது. விமானி ஸ்வீனிக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவு ரொம்பத் தெளிவு. இலக்கைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குண்டைப் போட வேண்டும்! ஆனால், கீழே எதுவும் தெரியவில்லை. மேகம். போதாக்குறைக்கு, முந்தின நாள் குண்டுவீச்சில் பக்கத்து ஊரான யஹாதா எரிந்த புகை வேறு. ஒரு தடவை சுற்றினார்கள். இரண்டாவது தடவை... மூன்றாவது தடவை... ஊஹூம்! எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. விமானம் தெற்கே திரும்பியது. 11 மணி 2 நிமிடத்துக்கு நாகஸாகி எரிந்தது.

ஒரு மேகத்தால் பிழைத்த அந்த ஊர்தான் நம் கதையின் ஊர். ஆனால், நான் சொல்லப்போவது அணுகுண்டுக் கதை இல்லை. சைக்கிள் கதை!

அதுவும் சாதாரண சைக்கிள் இல்லை. பிரேக் கிடையாது. கியர் கிடையாது. முக்கியமாக, ஃப்ரீவீல் கிடையாது. வாடகை சைக்கிள் ஓட்டி வளர்ந்தவர்களுக்கு ஃப்ரீவீல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மேட்டில் மூச்சு வாங்க மிதித்து ஏறி, இறக்கத்தில் காலைச் சும்மா வைத்துக்கொண்டு வரும்போது பின்சக்கரத்திலிருந்து 'டிக்டிக்டிக்' என்று ஒரு சத்தம் வருமே... அதுதான் ஃப்ரீவீல். கால் நின்றாலும் சக்கரம் ஓடும். சைக்கிளோட்டிக்குக் கிடைத்த முதல் சுகம் அது.

இந்த சைக்கிளில் அந்தச் சுகம் இல்லை. பின்சக்கரத்தின் பல்சக்கரம் சக்கரத்தின் நடு உருளையோடு இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். மேலே இன்னொரு பூட்டு வளையம் எதிர்த் திசை மரையில் முறுக்கப்பட்டிருக்கும். அதனால் சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரும். 'கொஞ்சம் இரு, மூச்சு வாங்கிக்கறேன்' என்று காலை நிறுத்தினால், சைக்கிள் உங்களை முன்னால் தூக்கி எறியப் பார்க்கும். வேகத்தைக் குறைக்க வேண்டுமா? சுற்றி வரும் பெடலைக் காலாலேயே எதிர்த்து அமுக்க வேண்டும். கால்தான் எஞ்சின், கால்தான் பிரேக்!

என்ன முட்டாள்தனமான வண்டி என்று தோன்றும். ஆனால், 19-ம் நூற்றாண்டில் ஓடிய சைக்கிள்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. 1900-ஐ ஒட்டித்தான் ஃப்ரீவீல் பரவலானது. ஊர் உலகமெல்லாம் அதற்கு மாறிய பிறகும் ஒரே ஓர் இடத்தில் பழைய முறை அப்படியே நின்றுவிட்டது. பந்தயத் திடல்! சரிந்த சுவர் போன்ற வட்டப் பாதையில் ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் இன்னொருவர், ஒரு கை அகல இடைவெளியில் பறந்துகொண்டிருக்கும்போது, முன்னால் போகிறவர் 'சடக்'கென்று பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? பின்னால் வருகிற அத்தனை பேரும் எலும்பு எண்ண வேண்டியதுதான். யாருக்கும் பிரேக் இல்லை என்பதுதான் அங்கே பாதுகாப்பு.

சரி, கோகுராவுக்குத் திரும்புவோம்.

போர் முடிந்தது. ஊர் பிழைத்தது, ஆனால் பிழைப்பு இல்லை. ஆயுதத் தொழிற்சாலைக்குப் பூட்டு. வேலை போனவர்கள் ஒரு பக்கம். சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் மூட்டை முடிச்சுகளோடு திரும்பி வந்தவர்கள் இன்னொரு பக்கம். பள்ளிக்கூடம் கட்ட வேண்டும், வீடு கட்ட வேண்டும். நகராட்சி கஜானாவில் காசு இல்லை. கோகுராவில் மட்டுமில்லை, ஜப்பான் முழுக்க இதே கதைதான்.

இந்தச் சமயத்தில் குராஷிகே, எபிசாவா என்ற இருவர் அரசாங்கத்திடம் ஒரு யோசனையைக் கொண்டுபோனார்கள். சைக்கிள் பந்தயம் நடத்தலாம். மக்கள் பணம் கட்டலாம். ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தது போக மீதி, நகராட்சிக்கு!

சூதாட்டத்தை அரசாங்கமே நடத்துவதா? விவாதம் நடந்தது. ஆனால், வெறும் பானையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் விவாதம் பண்ண முடியும்? 1948 ஆகஸ்டில் சட்டம் பிறந்தது. உள்ளாட்சிகளின் நிதி நிலையைச் சீர் செய்வதும், ஜப்பானின் சைக்கிள் தொழிலை வளர்ப்பதும்தான் நோக்கம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். இரண்டாவது நோக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

முதலில் கையைத் தூக்கிய ஊர் கோகுரா. அந்த வருடம் தேசிய விளையாட்டு விழா ஃபுகுவோகா மாநிலத்தில் நடந்தது. அதன் சைக்கிள் போட்டிகளுக்காக கோகுராவில் ஒரு திடல் கட்டியிருந்தார்கள். விழா முடிந்ததும் சும்மா கிடக்க வேண்டிய திடல்! 1948, நவம்பர் 20... அதில் முதல் பந்தயம் நடந்தது. 'கெய்ரின்' என்று பெயர். 'கெய்' என்றால் போட்டி. 'ரின்' என்றால் சக்கரம்.

ஜனங்கள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அடுத்த மாதமே ஒசாகாவில் பந்தயம். அடுத்த வருட ஆரம்பத்தில் டோக்கியோ பக்கத்தில் ஓமியாவில். குண்டு விழுந்து தரைமட்டமான ஊர்களெல்லாம் அவசர அவசரமாகத் திடல் கட்டின. ஐந்தே வருடத்தில் நாடு முழுக்க அறுபதுக்கும் மேல்! 1949-லிருந்து பெண்களுக்கும் கெய்ரின் வந்தது.

கணக்கு எளிமையானது. வசூலாகும் ஒவ்வொரு நூறு யென்னிலும் 75, ஜெயித்த சீட்டுக்காரர்களுக்கு. மீதி 25-ல் செலவு போக ஊருக்கு. அந்தக் காசில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன, வீடுகள் எழுந்தன. யாரோ ஓர் அப்பா திடலில் தொலைத்த சம்பளத்தில் இன்னொரு வீட்டுப் பையன் உட்கார்ந்து படிக்க பெஞ்சு வந்தது. நல்லதா, கெட்டதா? ஜப்பான்காரர்களே பல வருடம் இதை அடித்துப் பேசியிருக்கிறார்கள். நாம் எங்கே முடிவு சொல்வது!

ஆனால், கெய்ரினுக்கு ஆரம்பத்திலேயே ஒரு வியாதி இருந்தது. சந்தேகம்!

குதிரைப் பந்தயத்தில் தோற்றால் குதிரையைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே ஓடுவது மனுஷன். மனுஷன் என்றால் பேசுவான், பேரம் பேசுவான், வேண்டுமென்றே தோற்பான். போதாததற்கு சைக்கிள் வேறு. 'செயின் அறுந்துடுச்சு, பெடல் கழண்டுடுச்சு' என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நிஜமாகவே கழன்றதா, கழற்றிவிடப்பட்டதா? பணத்தைக் கட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு என்ன தெரியும்? மாதச் சம்பளத்தைத் தொலைத்தவன் கண்ணுக்குக் கழன்ற ஒவ்வொரு போல்ட்டும் ஒரு சதி.

1950 செப்டம்பர். ஹ்யோகோ மாநிலத்தில் நாருவோ திடல். ஒரு பந்தயத்தின் முடிவைக் கூட்டம் ஏற்க மறுத்தது. கூச்சல், கல்வீச்சு, பிறகு தீ! போலீஸ் துப்பாக்கியைத் தூக்க வேண்டியதாயிற்று. ஓர் உயிர் போனது. நாடு முழுக்கக் கெய்ரினைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். 'மக்களைக் கெடுக்கும் இந்தச் சனியனை ஒழித்துக்கட்டு' என்று பத்திரிகைகள் எழுதின. பிறந்து இரண்டே வருடத்தில் கெய்ரின் சாகக் கிடந்தது.

நடத்தியவர்களுக்கு அப்போது ஒன்று புரிந்தது. இந்தத் தொழிலில் விற்கும் சரக்கு வேகம் இல்லை. நம்பிக்கை! அது போனால் கடையை மூட வேண்டியதுதான். நம்பிக்கையை எப்படி உண்டாக்குவது? 'எங்களை நம்புங்கள்' என்று போஸ்டர் ஒட்டினால் ஆகுமா? அவர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். 'யாரையும் நம்பாதே' என்பதையே சட்டமாக்கினார்கள்!

முதலில் வீரர்கள். இஷ்டப்பட்டவனெல்லாம் ஓட முடியாது. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, தேறி, உரிமம் வாங்க வேண்டும். டோக்கியோ பக்கத்தில் ஆரம்பித்த அந்தப் பள்ளி, 1968-ல் இஸு தீபகற்பத்தின் ஷுஸென்ஜி மலைப்பகுதிக்குப் போனது. ராணுவ முகாம் தோற்றுப் போகும் கட்டுப்பாடு. தேறி வெளியே வந்தாலும் விடமாட்டார்கள். பந்தயத்துக்கு முதல் நாளே திடலுக்குள் வந்துவிட வேண்டும். போனைக் கொடுத்துவிட வேண்டும். பந்தயங்கள் முடியும்வரை வெளியுலகத்தோடு பேச்சே கிடையாது. மனைவிக்குப் பிரசவம் என்றாலும் நினைத்த நேரத்துக்கு விசாரிக்க முடியாது!

அடுத்தது, சைக்கிள். 1957-ல் 'நிஹோன் ஜிதென்ஷா ஷின்கோகாய்' என்ற அமைப்பு வந்தது. ஜப்பான் சைக்கிள் மேம்பாட்டுச் சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். சுருக்கமாக என்.ஜே.எஸ். பந்தய சைக்கிளின் ஒவ்வொரு பாகத்துக்கும் இவர்கள் அளவு வகுத்தார்கள். சட்டம் உருக்குக் குழாயில்தான் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற கைவினைஞர்தான் அதைப் பற்றவைக்க வேண்டும். சக்கரத்துக்கு 36 போக்ஸ் கம்பி. செயின், பெடல், ஹேண்டில்பார், சீட்டு, சீட்டைத் தாங்கும் தண்டு, பெடலில் காலைக் கட்டும் தோல் வார்... எல்லாமே பரிசோதனையில் தேற வேண்டும். தேறினால் அந்தப் பாகத்தின் மேல் மூன்று எழுத்து குத்தப்படும்: என்.ஜே.எஸ்!

முத்திரை இல்லாத பாகம் திடலுக்குள் நுழையாது. அவ்வளவுதான். ஒருத்தன் லேசான சக்கரம், இன்னொருத்தன் பழைய சக்கரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தோற்றவன், 'வண்டி சரியில்லை' என்று சொல்ல முடியாது. ஜெயித்தவனைப் பார்த்து, 'வண்டியால் ஜெயித்தான்' என்றும் சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது கால் மட்டும்.

கெய்ரின் எப்படி இருக்கும்? அதிகபட்சம் ஒன்பது பேர். ஆளுக்கொரு வண்ணச் சட்டை. ஒன்றாம் எண்ணுக்கு வெள்ளை, இரண்டுக்குக் கறுப்பு, மூன்றுக்குச் சிவப்பு... இப்படி ஊதா வரை. கடைசி வரிசையில் நிற்கும் தாத்தாவுக்கும் தன் ஆள் எங்கே என்று தெரிய வேண்டுமே! சுமார் 2,000 மீட்டர் தூரம். ஆரம்பத்தில் ஒருவர் முன்னால் ஓட்டிக்கொண்டு போய்க் காற்றை உடைத்துக் கொடுப்பார். பின்னால் வரிசையாக எல்லோரும் ஏதோ கோயில் ஊர்வலம் மாதிரி போவார்கள். 'இதற்கா இவ்வளவு பணம்?' என்று உங்களுக்குக் கொட்டாவி வரும். ஒன்றரைச் சுற்று இருக்கும்போது மணி அடிக்கும். டாண்... டாண்... டாண்! மெதுவாக ஆரம்பித்து வேகம் எடுக்கும் அந்த மணிச் சத்தத்தோடு ஊர்வலம் கலையும். மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகம். முழங்கையும் தலையும் முட்டும். விழுந்தால் மெத்தை இல்லை; கீழே கல்லும் தாரும்!

இந்தத் திடலிலிருந்து ஒரு மாமனிதர் வந்தார். கோய்ச்சி நகானோ. க்யூஷு மண்ணின் மைந்தர். அப்பாவும் கெய்ரின் வீரர். 1977-ல் வெனிசூலாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் தொழில்முறை ஸ்பிரின்ட் போட்டியை ஜெயித்தார். அடுத்த வருடமும் ஜெயித்தார். அதற்கடுத்த வருடமும்... 1986 வரை தொடர்ந்து பத்து வருடம்! 1980-ல் ஒரே வருடத்தில் பத்துக் கோடி யென் சம்பாதித்தார். எந்த விளையாட்டிலும் எந்த ஜப்பானிய வீரரும் அதுவரை தொடாத தொகை அது.

நகானோவின் காலுக்குக் கீழே இருந்த சைக்கிளைச் செய்தவர் யோஷியாகி நாகஸாவா. இவர் கதையும் சுவையானது. 1970-ல் இத்தாலிக்குப் போய், பொக்லியாகி, தெ ரோஸா என்ற இரண்டு பெரிய கைவினைஞர்களிடம் குருகுலவாசம் இருந்தார். ஊர் திரும்பி, ஒசாகா பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை போட்டார். குழாயை அறுத்து, அரத்தால் தேய்த்து, நெருப்பில் பற்றவைத்து, ஒவ்வொரு வீரரின் கை கால் அளவுக்கும் தனித்தனியாகச் சட்டம் செய்தார். நம் ஊர் டெய்லர் சட்டைக்கு அளவெடுப்பது போலத்தான்! இவர் போலவே மகினோ, கலவிங்கா, சாம்சன் என்று இன்னும் எத்தனையோ பட்டறைகள். ஹேண்டில்பாருக்கு நிட்டோ, கிராங்குக்கு சுகினோ, பெடலுக்கு மிக்காஷிமா, செயினுக்கு இஸுமி...

சக்கரத்தின் நடு உருளைக்கு? ஷிமானோ! இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஷிமானோ கம்பெனி 1921-ல் சகாய் நகரத்தில் பிறந்தது. ஒரு காலத்தில் துப்பாக்கியும் கத்தியும் செய்து பேர் வாங்கிய ஊர் அது. இரும்பு வேலை தெரிந்த கைகள் பிறகு சைக்கிளுக்குத் திரும்பின. அந்தக் கம்பெனி முதன்முதலில் செய்து விற்ற பொருள் எது தெரியுமா? ஃப்ரீவீல்! ஃப்ரீவீல் விற்றுப் பிழைப்பை ஆரம்பித்தவர்கள், ஃப்ரீவீலே இல்லாத சைக்கிளுக்கும் உருளை செய்து முத்திரை வாங்கினார்கள்.

இப்போது அந்தச் சட்டத்தின் இரண்டாவது நோக்கத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சைக்கிள் தொழிலை வளர்ப்பது!

1980-களுக்குப் பிறகு உலகம் எங்கோ போய்விட்டது. அலுமினியம் வந்தது, கார்பன் வந்தது, காற்றைக் கிழிக்கும் தட்டுச் சக்கரம் வந்தது. கையால் உருக்குச் சட்டம் செய்த பட்டறைகள் ஐரோப்பாவில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஜப்பான் கெய்ரின் மட்டும் நகரவில்லை. நகர முடியாது! புதுப் பொருளை அனுமதித்தால், 'அவனுக்கு மட்டும் எப்படி?' என்ற பழைய சந்தேகம் திரும்ப வந்துவிடும். அதனால் நாற்பது வருடம் முந்தைய உருக்குக் குழாய், அதே 36 கம்பி, அதே தோல் வார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு இந்தப் பழைய சைக்கிள்தான் சோறு. அவர்களுக்குச் செய்து கொடுத்தே பட்டறைகளும் பிழைத்தன. சூதாடியின் சந்தேகம் ஒரு கைத்தொழிலைக் காப்பாற்றிவிட்டது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. தானாக நடந்தது!

எல்லாம் சுபம் என்று நினைத்துவிட வேண்டாம். சூதாட்டம் அதன் வேலையையும் செய்துகொண்டுதான் இருந்தது. சம்பளத்தன்று திடலுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். 1967-ல் டோக்கியோவின் ஆளுநரான ரியோகிச்சி மினோபே, 'இந்தக் காசு எங்களுக்கு வேண்டாம்' என்று முடிவெடுத்தார். நல்ல வருமானம்தான். இருந்தும் டோக்கியோ நிர்வாகம் விலகிக்கொண்டது. நகரின் நடுவில் இருந்த புகழ் பெற்ற கொராக்குயென் திடலில் 1972-ல் கெய்ரின் நின்றது. 1988-ல் அதே இடத்தில் எழுந்ததுதான் டோக்கியோ டோம் என்ற பிரமாண்டமான பேஸ்பால் அரங்கம். பெண்கள் கெய்ரின் அதற்கு முன்பே 1964-ல் முடிந்துவிட்டது. அந்தப் பெண்களுக்கு வேறு வேலை யார் கொடுத்தார்கள் என்று சரித்திரம் அக்கறையாக எழுதி வைக்கவில்லை.

இங்கிருந்து நாம் பசிபிக் கடலைத் தாண்ட வேண்டும். நியூயார்க்!

மன்ஹாட்டனின் வக்கீல் ஆபீஸ்களுக்கும் விளம்பரக் கம்பெனிகளுக்கும் அவசரக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க, 1970-80களில் ஆயிரக்கணக்கான சைக்கிள் தூதர்கள் இருந்தார்கள். ஒரு கடிதத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதிகம் ஓடினால் அதிகம் காசு. இவர்களில் ஒரு பகுதியினர் பந்தயத் திடல் சைக்கிளைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏன்? பாகங்கள் குறைவு. கெட்டுப்போக ஒன்றுமில்லை, திருட்டுப்போகவும் ஒன்றுமில்லை. பனியில் வழுக்கினால் காலுக்கு உடனே தெரியும். திருடி ஓட்ட முயல்பவன் பத்தடி தாண்டுவதற்குள் காலை நிறுத்தப் பார்த்து, தானே விழுந்துவிடுவான்!

அந்தத் தூதர்களில் ஒருவர் நெல்சன் வெயில்ஸ். ஹார்லெம் பகுதியில் பத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கடைக்குட்டி. கடிதப் பையோடு மன்ஹாட்டன் தெருக்களில் பறந்தவர், 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் ஸ்பிரின்ட் போட்டியில் வெள்ளி வாங்கினார். ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில் பதக்கம் வாங்கிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர்தான்.

ஆனால், நகரத்துக்கு இவர்களைக் கண்டால் ஆகவில்லை. 1987-ல் மேயர் எட் கோச், நகரின் மையத்தில் மூன்று முக்கியச் சாலைகளில் வார நாட்களில் பகல் நேரம் சைக்கிளுக்கே தடை என்று அறிவித்தார். தூதர்கள் கூட்டமாகத் தெருவுக்கு வந்து போராடினார்கள். முறைப்படி அறிவிப்பு கொடுக்கவில்லை என்று கோர்ட்டு அந்தத் தடையைத் தள்ளுபடி செய்தது. மேயரிடமிருந்து தப்பித்தவர்களை ஃபேக்ஸும் ஈமெயிலும் கவனித்துக்கொண்டன. வேலை சுருங்கியது. ஆனால், அவர்கள் ஓட்டிய சைக்கிளின் மேல் ஊர்ப் பையன்களுக்கு ஆசை வந்துவிட்டது.

2000-களில் அந்த ஆசை ஜுரமானது. சான்பிரான்சிஸ்கோ, லண்டன், பெர்லின், டோக்கியோ என்று எங்கே பார்த்தாலும் பிரேக்கில்லாத சைக்கிளில் இளைஞர்கள். அவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் தேடியது ஒரே ஒரு முத்திரையைத்தான். ஆமாம், அதேதான். என்.ஜே.எஸ்!

கெய்ரின் வீரருக்குச் சைக்கிள் என்பது தொழில் கருவி. கொஞ்ச காலம் ஓட்டுவார். விறைப்பு குறைந்ததாகத் தோன்றினாலோ, விழுந்து அடிபட்டாலோ புதுசு வாங்கிவிடுவார். பழசைக் கொட்டகையில் போட்டுவிடுவார். அப்படிக் கிடந்த சட்டங்களை வியாபாரிகள் வாங்கி, இணைய ஏலத்தில் வைத்தார்கள். ஜப்பானில் யாரும் சீந்தாத பழைய உருக்கு, கலிஃபோர்னியாவில் பொக்கிஷம்! சட்டத்தை வாங்கியவன் சும்மா இருப்பானா? அதற்கேற்ற கிராங்க், அதற்கேற்ற பெடல், அதற்கேற்ற சீட்டு, கடைசியில் தோல் வார் உட்பட அத்தனையும் முத்திரையோடு வேண்டும் என்று தேடி அலைந்தான். நிட்டோவுக்கும் மிக்காஷிமாவுக்கும் கண் காணாத தேசங்களில் ரசிகர்கள் முளைத்தார்கள்.

இந்த வியாபாரத்தில் ஏமாந்தவர்களும் உண்டு. அனுபவஸ்தர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் பாடம் இதுதான். பளபளப்பில் மயங்காதே. இது பந்தயத்தில் அடிபட்ட வண்டியாக இருக்கலாம். ஹேண்டில்பார் தாங்கும் குழாய்க்குக் கொஞ்சம் பின்னால், சட்டத்தின் அடிப்பக்கம் விரலை வைத்துத் தடவு. பெயின்ட்டில் சுருக்கமோ, புடைப்போ தட்டுப்பட்டால், முன்னால் எங்கேயோ மோதி வளைந்திருக்கிறது என்று அர்த்தம். வாங்காதே! அப்புறம், இந்தச் சட்டங்களில் பிரேக் மாட்டத் துளையே இருக்காது. தெருவில் ஓட்டுவதென்றால் அதற்கு என்ன வழி என்பதை வாங்கும் முன்பே யோசி.

இந்தக் கடைசிப் பாடத்தைத்தான் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2016-ல் லண்டனில் முன்பிரேக் இல்லாத இப்படியொரு சைக்கிள் மோதி, சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்துபோனார். இரண்டு குழந்தைகளின் தாய். ஓட்டிய இளைஞருக்கு 2017-ல் 18 மாதத் தண்டனை கிடைத்தது. திடலில் யாருக்கும் பிரேக் இல்லை என்பதால்தான் அங்கே அது பாதுகாப்பு. தெருவில் எதிரே வருவது பள்ளிக்கூடப் பிள்ளை, காய்கறிப் பை தூக்கிய பாட்டி. அவர்கள் உங்கள் பந்தயத்துக்குப் பணம் கட்டவில்லை.

ஜப்பானில் சட்டம் கறார். பொதுச் சாலையில் ஓடும் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் பிரேக் இருந்தே ஆக வேண்டும். காலில் உயிரை வைத்திருக்கும் கெய்ரின் வீரர்கள்கூட சாலையில் பயிற்சிக்குப் போகும்போது பிரேக் மாட்டிக்கொண்டுதான் போகிறார்கள். பிரேக் இல்லாமல் ஓட்டத் தெரிந்தவனுக்குத்தான் பிரேக்கின் அருமை தெரிந்திருக்கிறது!

மற்ற கதைகளையும் முடித்துவிடுவோம். கெய்ரின் 1980-ல் உலகச் சாம்பியன்ஷிப்புக்குள் நுழைந்தது. 2000-ல் சிட்னியில் ஒலிம்பிக் பந்தயமானது. ஆனால், தங்கம் வாங்கியவர் பிரான்ஸ் நாட்டின் ஃபுளோரியன் ரூஸோ. கண்டுபிடித்த ஜப்பானுக்கு அதில் முதல் பதக்கமே 2008-ல் பெய்ஜிங்கில்தான் கிடைத்தது. கியோஃபுமி நாகாய் வாங்கிய வெண்கலம். 48 வருடம் மூடிக் கிடந்த பெண்கள் கெய்ரினின் கதவு 2012-ல் மறுபடி திறந்தது. இந்தத் தலைமுறைப் பெண்கள் ஓட்டுவது கார்பன் சைக்கிள்!

கோகுரா? 1963-ல் பக்கத்து ஊர்களோடு சேர்ந்து கிடாக்யூஷு என்ற பெருநகரமாகிவிட்டது. அன்று புகையால் ஊரை மறைத்த யஹாதாவும் இப்போது அதே நகரத்துக்குள்தான். பழைய திடலுக்குப் பதில் 1998-லிருந்து கூரை போட்ட பிரமாண்டமான அரங்கத்தில் கெய்ரின் நடக்கிறது. முதல் பந்தயம் நடந்த நவம்பர் மாதத்தை ஒட்டி, ஒவ்வொரு வருடமும் ஒரு பெரிய கோப்பைக்குப் போட்டி உண்டு.

என்.ஜே.எஸ். என்ற அமைப்பு என்ன ஆயிற்று? 2007-08 வாக்கில் அதன் பொறுப்புகள் ஜே.கே.ஏ. என்ற புது அமைப்பிடம் போய்விட்டன. பெயர்ப் பலகை மாறிவிட்டது. ஆனால், முத்திரையை யாரும் மாற்றவில்லை. பட்டறையிலிருந்து வரும் உருக்குச் சட்டத்தின் அடியில் இன்றும் அதே மூன்று எழுத்துதான் குத்தப்படுகிறது. எங்கோ பெர்லினில் ஒரு பையன், பார்சலைப் பிரித்ததும் சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டி முதலில் அந்த எழுத்து இருக்கிறதா என்றுதான் பார்க்கிறான். அவனுக்கு நாருவோ திடலில் எரிந்த தீயைப் பற்றித் தெரியாது. கோகுராவின் மேகமும் தெரியாது. முத்திரை இருந்தால் சரக்கு நல்ல சரக்கு. அது போதும் அவனுக்கு.

யாரும் யாரையும் நம்பாத காலத்தில் குத்திய முத்திரை அது. அதை நம்பித்தான் அவன் பணம் அனுப்பியிருக்கிறான்.